கொடி அத்தியோடு மூன்று வருடங்கள்

நண்பர் ஒருவர் புதிதாகத் தவளைத் தொட்டி அமைக்கிறார். என்ன செடி வைக்கலாம், மண்ணைச் சுத்தமாக வைக்க என்ன குட்டி உயிர்களை விடலாம் என்று கேட்டார். போன ஞாயிறு இரண்டு மணி நேரம் கத்தரியும் கையுமாகத் தொட்டிக்குள் தலையை விட்டிருந்தவனிடம் கேட்டிருக்கிறார். பதில் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

என்னுடையது ஒயிட்ஸ் மரத்தவளை. 10 செ.மீ. வரை வளரும் கனத்த ஆள். பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரியில் எல்லாவற்றின் மேலும் தொப்பென்று குதிக்கும். ஃபிட்டோனியா என்ற மெல்லிய சிறு செடி இரண்டே வாரத்தில் சப்பையாகிவிட்டது. மணி பிளான்ட்டும் ஸ்நேக் பிளான்ட்டும்தான் தாக்குப்பிடித்தன. அன்னாசிக் குடும்பத்துப் பிரோமிலியாடும் பரவாயில்லை, ஆனால் அதன் இலைகளுக்கு நடுவிலுள்ள குழியில் தேங்கும் நீரில் தவளை கழித்துவைக்கும். அடிக்கடி நல்ல நீர் ஊற்றி அலச வேண்டும்.

கொடி அத்திக்கு வருகிறேன். தொட்டியின் பின்சுவரை மூட இந்தக் கொடியை (ஃபைகஸ் பியூமிலா) நட்டேன். முதல் ஆறு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் நிற்கவே இல்லை. தக்கைச் சுவரில் வேரைப் பதித்து ஏறியது, முன்கண்ணாடிக்கு வந்தது, காற்றுப் போகும் வலையை அடைத்தது, விளக்கை மறைத்துக் கீழே இருந்த பாசியைக் கொன்றது. பிய்த்தால் தக்கையும் துண்டு துண்டாகக் கூடவே வருகிறது. வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால் வடியும், அது தோலை எரிக்கக்கூடியது. தவளையோ தோல் வழியாகவே நீரை உறிஞ்சுகிற பிராணி. அதனால் ஒவ்வொரு முறையும் அதை வேறு பெட்டிக்கு மாற்றி, வெட்டி, கழுவி, திரும்ப விட வேண்டும். அதுவும் என்னை முறைக்கும்.

அதே தோல் காரணமாகத்தான் இன்னொன்றும் சொல்கிறேன்: நர்சரிச் செடியை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். பழைய மண்ணை முழுக்க உதறி, வேரையும் இலையையும் அலசி, சில வாரம் வெளியே வளர்த்துவிட்டு வையுங்கள். அதில் உரமும் பூச்சிமருந்தும் இருக்கலாம்.

மண்ணில் விட்டவைதான் எனக்குக் கிடைத்த சந்தோஷம். ஸ்பிரிங்டெயில்கள் என்ற துள்ளும் குட்டி உயிர்கள் பூஞ்சையைத் தின்று வாழ்கின்றன. புதுத் தொட்டியின் மரக்கட்டையில் பஞ்சு மாதிரி படர்ந்த வெள்ளைப் பூஞ்சையைப் பார்த்துப் பதறினேன். கொஞ்ச நாளில் காணாமல் போனது. கூடவே குட்டி வெள்ளை ஐசோபாட், அதாவது ஈர மண்ணில் வாழும், பல கால்கள் கொண்ட ஓட்டுப் பிராணி. ஆண் இல்லாமலே பெருகும், மண்ணுக்குள்ளேயே கிடக்கும், காய்ந்த இலை போட்டால் போதும். போர்செல்லியோ லேவிஸ் என்ற பெரிய ஐசோபாட் வகை வேண்டாம். புரதப் பசி அதிகம், செடியையும் கடிக்கும். ஒன்று, இத்தனை பெரிய தவளையின் கழிவை இந்தக் குட்டிகளால் சமாளிக்க முடியாது. பெரியதை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

சரி, முடிவு என்ன? மண்ணுக்குப் பத்துக்குப் பத்து. செடியா? இந்த வாரம் கேட்டால் பிளாஸ்டிக் இலையே போதும் என்பேன். இவ்வளவு திட்டியும் அத்தியை வேரோடு பிடுங்கவில்லை. இப்போதும் அதன் நடுவில்தான் தவளை தூங்குகிறது. வெட்டிய தண்டுகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. நண்பர் அதையும் கேட்டார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.