குரோஷியக் கடலில் ஓரிரவு: மெரினாவா, மிதவையா, நங்கூரமா?

குரோஷியாவின் அட்ரியாட்டிக் கரையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் பாறைத் திட்டுகளும் இருப்பதால், பாய்மரப் படகில் வருபவர் ஒவ்வொரு மாலையும் அன்றிரவு எங்கே தங்குவது என்று முடிவு செய்தாக வேண்டும். படகுகளுக்கான கட்டணத் துறையான மெரினாவுக்குள் போகலாம், ஊர்த் துறையின் சுவரில் கட்டலாம், விரிகுடாவில் கடலடியோடு சங்கிலியால் பிணைத்திருக்கும் கட்டண மிதவையைப் பிடித்துப் படகைக் கட்டலாம், கரையோர உணவகத்தின் துறையில் ஒதுங்கலாம், அல்லது சொந்த நங்கூரத்தை இறக்கி, ஒரு காசும் கொடுக்காமல் உறங்கலாம். இவற்றை ஓரிரவுக் கட்டணத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது பயன் தராது என்பது என் உறுதியான கருத்து. ஒரு வாரப் பயணத்தில் எந்த இரவுக்குப் பணம் கொடுப்பது, எந்த இரவுக்குக் கொடுக்காமலிருப்பது என்பதே உண்மையான கணக்கு.

ஹ்வார் நகருக்கு எதிரேயுள்ள ஸ்வெத்தி க்ளெமெந்த் தீவை எடுத்துக்கொள்வோம். அதன் வடபுறத்தில் பால்மிஷானா மெரினா இருக்கிறது. 1983-இல் தொடங்கப்பட்டு, இக்கரை நெடுகிலும் 20-க்கும் மேற்பட்ட மெரினாக்களை நடத்திவரும் ஏ.சி.ஐ. நிறுவனத்துக்குச் சொந்தமானது அது. தென்புறத்தில், சிறிது தூரம் நடந்தால் எட்டிவிடக்கூடிய வினோக்ராதிஷ்சே விரிகுடாவில் மிதவைகள் இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 மீட்டர் படகுக்குப் பெயர்பெற்ற மெரினாக்களில் ஓரிரவுக் கட்டணம் 100 யூரோவைத் தாண்டுவது வழக்கம். மிதவைக்குப் பொதுவாக அதில் பாதியோ அதற்கும் குறைவோதான் ஆகும். கட்டுமரம் என்ற நம் சொல்லிலிருந்து பெயர் பெற்ற கேட்டமரான் படகுகள் அகலமானவை என்பதால் மெரினாவில் அவற்றுக்குத் தனியாகக் கூடுதல் கட்டணமும் உண்டு. (2023 ஜனவரி 1 முதல் இங்கே யூரோதான் நாணயம் என்பதால், பழைய கையேடுகளில் முந்தைய நாணயமான குனாவில் அச்சிட்டிருக்கும் விலைகளை நம்பித் திட்டமிட வேண்டாம்.)

மெரினாவின் கூடுதல் விலைக்குக் கிடைப்பது என்ன? குடிநீர், மின்சாரம், குளியலறை, குப்பை போட இடம் ஆகியவற்றோடு, காற்று எந்தத் திசைக்குத் திரும்பினாலும் படகு அசையாமல் நிற்கும் என்ற நிம்மதி. இவற்றுள் குடிநீரையே முதலிடத்தில் வைப்பேன், ஏனெனில் சிறு தீவுகளில் நன்னீர் அரிது, நான்கு பேர் சிக்கனமாகச் செலவழித்தாலும் படகின் தொட்டி சில நாள்களில் வற்றிவிடும். வாடகைப் படகுகள் பெரும்பாலும் வெள்ளி மாலையில் திரும்பிச் சனிக்கிழமை கைமாறுவதால், அவை நிலைகொண்டிருக்கும் மெரினாக்களில் அந்த இரவு இடம் கிடைப்பது கடினம். வார நடுவிலோ அதே மெரினாவில் எளிதாக இடம் கிடைக்கும். எனவே தண்ணீர் பிடிக்கும் இரவைச் செவ்வாய், புதன் என்று வைத்துக்கொள்வது நல்லது.

மிதவையைப் பலரும் நங்கூரத்தைவிடப் பாதுகாப்பானது என்று எண்ணிப் பிடிக்கிறார்கள். அது எப்போதும் உண்மையன்று. நம் நங்கூரமும் சங்கிலியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். மிதவையின் அடியிலுள்ள சங்கிலி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பதைத் தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தாலொழிய அறிய முடியாது. ஆயினும் மிதவைக்குப் பணம் கொடுக்கத் தகுந்த இடங்கள் இரண்டு: நங்கூரம் பிடிக்காத அளவுக்கு ஆழமான அல்லது நங்கூரத்தைச் சுற்றிப் படகு சுழல இடமில்லாத குறுகிய விரிகுடா, அடியில் பொசிடோனியா கடற்புல் படர்ந்திருக்கும் விரிகுடா. நங்கூரத்தால் பெயர்க்கப்பட்ட அந்தப் புல் மீண்டும் படர மிக நீண்ட காலம் ஆகும் என்பதால், அங்கே கொடுக்கும் கட்டணத்தை நான் மனமுவந்து கொடுப்பேன். மிதவைகளை நடத்த உரிமம் வேண்டும். சிறு படகில் வந்து பணம் கேட்பவரிடம் ரசீது கேட்பது நம் உரிமை.

இலவசமாக நங்கூரமிடுவதன் மதிப்பைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. கோடையில் பகலில் வீசும் வடமேற்குக் காற்றான மாயிஸ்திரால் பொதுவாக அந்தி சாயும்போது அடங்கிவிடும். அத்தகைய இரவில், மணலோ சேறோ உள்ள அடியில் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட்டிருக்கும் படகுக்கு மெரினா தேவையே இல்லை. ஆனால் வடகிழக்கிலிருந்து மலை இறங்கிவரும் பூரா, தென்கிழக்கிலிருந்து பேரலையைக் கொண்டுவரும் யூகோ, திடீரென மூளும் நெவேரா எனப்படும் இடிப்புயல் ஆகியவற்றில் ஒன்றை வானிலை அறிக்கை முன்னறிவித்தால், 100 யூரோ பெரிய தொகையன்று. தெற்கே திறந்திருக்கும் வினோக்ராதிஷ்சேயில் யூகோ வீசும் இரவைக் கழிப்பதைவிட, இருமடங்கு கொடுத்து வடபுறம் போவதே சரி.

கொனோபா எனப்படும் குடும்ப உணவகங்கள் பல, உண்ண வருவோர் தம் துறையில் இலவசமாகக் கட்ட அனுமதிக்கின்றன. நால்வரின் இரவுணவுச் செலவு மிதவைக் கட்டணத்தைத் தாண்டிவிடும் என்பதால் இதைச் சிக்கன வழியாகக் கருதக் கூடாது. தணலுக்கடியில் மூடி வேகவைக்கும் பெக்கா உண்ண விரும்புவோர் சில மணி நேரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அந்த உணவுக்காகவே போவதென்றால் துறை உண்மையிலேயே இலவசம். ஊர்த் துறைகளில் இரைச்சலும் கப்பல்கள் எழுப்பும் அலையும் உண்டு. இருந்தாலும், 1989 வரை இராணுவத் தீவாக இருந்து வெளிநாட்டினருக்கு மூடப்பட்டிருந்த வீஸில், நீண்ட காலம் தனித்திருந்த அந்த ஊரை இறங்கிப் பார்க்கவே துறைக் கட்டணம் கொடுக்கலாம்.

கொர்னாத்தி தேசியப் பூங்காவில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அங்கே படகின் நீளத்துக்கேற்ப நுழைவுக் கட்டணம் உண்டு. இரவில் நங்கூரமிடுவதும் குறிப்பிட்ட விரிகுடாக்களில் மட்டுமே. ஆகவே இலவச இரவு என்பது அங்கே இல்லை. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கினால் உள்ளே வாங்குவதைவிட மலிவு. செலவைக் குறைக்க விரும்புவோர், பூங்கா எல்லைக்கு வெளியேயுள்ள ஜூத் தீவின் விரிகுடாவில் நங்கூரமிட்டு உறங்கி, காலையில் ஒருநாள் சீட்டுடன் உள்ளே சென்று, மாலைக்குள் வெளியேறிவிடலாம்.