சூட்டில் போன இன்ஜின்: ஹெட் வேலையா, செகண்ட்ஸ் இன்ஜினா?

போன சித்திரையில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, மரப்பாலம் தாண்டியதும் என் கார் கொதித்துவிட்டது. 2012 மாடல், நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. முள் சிவப்பைத் தொட்டதைப் பார்த்தேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வர, அடுத்த வளைவில் ஓரம் கட்டலாம் என்று இரண்டாவது கியரிலேயே இழுத்தேன். அடுத்த வளைவிலும் இடமில்லை. அந்த இரண்டு வளைவுகள்தான் எனக்குச் செலவு வைத்தன.

ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் ஆயில் மூடியைத் திருகி எடுத்துக் காட்டினார். உள்பக்கம் பால் டீ நிறத்தில் பசைபோல ஒட்டியிருந்தது. “ஆயில்ல தண்ணி இறங்கிருச்சுங்க சார். ஹெட்டைக் கழட்டுனாத்தான் மீதி தெரியும்.” ஹெட் என்பது இன்ஜினின் மேல்பாகம். அதற்கு அடியில் சிலிண்டர்கள் இருக்கும் பெரிய பாகம்தான் பிளாக்.

மூன்று வழி சொன்னார்கள். கம்பெனியிலிருந்து புது இன்ஜின் என்பதை விலை கேட்டதும் விட்டுவிட்டேன். அந்த வயசு வண்டிக்கு அது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மிச்சம் இரண்டு: ஹெட்டை மட்டும் சரிசெய்வது, எனக்குச் சொன்ன கணக்கு 24,000 ரூபாய். அல்லது கோவை உக்கடத்தில் பழைய இன்ஜின் வாங்கி மாட்டுவது, கூலியோடு 48,000.

செகண்ட்ஸ் இன்ஜினுக்கும் நியாயம் உண்டு. இரண்டே நாளில் வண்டி கையில் கிடைக்கும். பிளாக்கின் மேல்முகம் வளைந்திருந்தாலோ, போர் (சிலிண்டரின் உட்சுவர்) கீறியிருந்தாலோ, அடியில் பேரிங் தட்டும் சத்தம் வந்தாலோ ஹெட் வேலைக்குப் போடும் பணம் வீண். அப்போது இன்ஜின் மாற்றுவதுதான் சரி. ஆனால் வாங்கும் இன்ஜின் முன்பு எப்படி ஓடியது என்று யார் சொல்வது? ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்கள், நன்றாகத்தான் ஓடும். நின்ற இடத்தில் ஓடுவதும் பர்லியாரிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதும் ஒன்றல்ல.

என்னை முடிவெடுக்க வைத்தது பணமோ, இந்தச் சந்தேகமோ அல்ல. இன்ஜின் நம்பர். நம்பர் பொறித்திருப்பது பிளாக்கில், ஹெட்டில் இல்லை. ஹெட்டைப் பேஸ் அடித்தாலும் (வளைந்த முகத்தை மட்டமாகச் சீவினாலும்) சரி, வேறு ஹெட்டே வாங்கி வைத்தாலும் சரி, ஆர்.சி.யில் இருக்கும் நம்பர் அப்படியே நிற்கும். இன்ஜினை மாற்றினால் நம்பரும் மாறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் திருத்த வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எந்த வண்டியுடையது என்று காட்டப் பேப்பர் வேண்டும். நான் கேட்ட கடையில், “பில்லு தர்றோங்க, பழைய வண்டியோட ஆர்.சி. காப்பி எல்லாம் எங்க போய்த் தேடுறது?” என்றார்கள்.

‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கத்தான் போகிறார்கள். சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருடம்தான். என் வண்டி 2027-ல் புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் முன் நிற்க வேண்டும். நடுவில் விபத்தென்றால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருவார். விற்பதென்றாலும் இதே கதை. பழைய வண்டி வாங்குகிறவர் பெயிண்ட் கீறலை மன்னிப்பார், ஆர்.சி.யில் ஒரு நம்பரும் பிளாக்கில் ஒரு நம்பரும் இருந்தால் திருட்டு வண்டியோ என்றுதான் யோசிப்பார்.

சரி, ஹெட் வேலை. மெக்கானிக் ஹெட்டின் முகத்தில் ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேரான இரும்புச் சட்டத்தை) குறுக்கே வைத்து, வளைவை அளக்க அடியில் மெல்லிய ஃபீலர் கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். பொதுவாக 0.05 மி.மீ. வளைவு வரை விடுவார்கள். என் ஹெட்டில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே 0.12 தகடே தாராளமாகப் போனது. மேட்டுப்பாளையம் லேத்துக்கு அனுப்பினோம். பேஸ் அடிக்கும் முன் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர்ப் பாதைகளை அடைத்து, காற்று ஏற்றி, தொட்டியில் முக்குவார்கள். குமிழி வந்தால் வெடிப்பு, அந்த ஹெட்டுக்குச் செலவு செய்யக்கூடாது. எனக்கு வரவில்லை. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வரும் கேஸ்கெட்டோடு ஹெட் போல்ட்டும் புதிதாகப் போட்டோம். ஆயிலை இரண்டு தடவை மாற்றினோம். ஒரு வாரம் ஆனது, 26,500-ல் முடிந்தது.

எந்த வழிக்குப் போனாலும் கொதித்த காரணத்தைப் பிடிக்காவிட்டால் அடுத்ததும் கொதிக்கும். எனக்குக் காரணம் ரேடியேட்டர் மூடி. ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்கவில்லை, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, நானும் வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளித்திருக்கிறேன். ஊட்டி உயரத்தில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏற்றத்தில் இன்ஜின் சூடு அதைத் தாண்டும். உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து அதைக் கொதிக்கவிடாமல் காப்பது அந்த மூடிதான். சில நூறு ரூபாய்ச் சாமான்!

டீசல் வண்டிக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் ஓட்டியதெல்லாம் பெட்ரோல். வேலை செய்தபின் என் வண்டி ஓடியதும் 8,000 கிலோமீட்டர்தான், ஐந்து வருடம் தாங்கும் என்று எழுதித் தர மாட்டேன். இதுவரை முள் பாதியைத் தாண்டவில்லை. ஆனாலும் ஏறும்போது பர்லியாரில் பத்து நிமிடம் நிறுத்தி, ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். சீசனில் அங்கே மங்குஸ்தான் விற்கும். அது தனிச் செலவு.