நானோதுகள் கொத்தைத் தண்ணீருக்குக் கொண்டுபோக: நான் ஏன் பாலிமரைத் தேர்ந்தெடுத்தேன்

எண்ணெய்க் கரைப்பானில் சூடேற்றிச் செய்த இரும்பு ஆக்சைடு நானோதுகள்கள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் வரும். ஆனால் மேலே ஒலிக் அமிலத்தின் 18 கார்பன் வால் மூடியிருப்பதால் தண்ணீரில் கலக்காது, குப்பியின் சுவரில் கருப்பாக அப்பிக்கொள்ளும். எனக்குத் தனித்துகள் போதாது, பல துகள்கள் ஒன்றாகச் சேர்ந்த, காந்தம் சட்டென்று இழுக்கிற கொத்துதான் வேண்டும்.

ஒலிக் அமிலத்தைக் கழற்றிவிட்டு வேறு மூலக்கூறை ஒட்டுவது பழைய வழி. 1998-இலேயே குவாண்டம் டாட்களுக்கு (ஒளிரும் குறைக்கடத்தி நானோதுகள்கள்) மெர்காப்டோஅசிட்டிக் அமிலத்தை வைத்து இதைச் செய்துவிட்டார்கள். தனித்துகளுக்குச் சரி; கொத்தில் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்த வால்கள்தான் என்னும்போது, அதையே உருவினால் கொத்து எப்படி நிற்கும்?

அடுத்தது எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசில் சல்பேட்) போன்ற சோப்பு வகை. துகள் கரைந்த ஹெக்ஸேனைச் சோப்புத் தண்ணீரில் சிறு துளிகளாக உடைத்து, ஹெக்ஸேனை ஆவியாக்கினால் துளிக்கு ஒரு கொத்து. மலிவு, வேகம். பிரச்சினை கழுவும்போதுதான் வரும், முடிவை மாற்றியதும் அதுதான். எஸ்டிஎஸ் கொத்தின் மேல் நிலையாக உட்கார்வதில்லை, ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கிறது. லிட்டருக்குச் சுமார் 8 மில்லிமோலுக்குக் கீழே மிசெல்கூட (சோப்பு மூலக்கூறுகள் தாமாகச் சேரும் உருண்டை) உருவாகாது. அதிகப்படி சோப்பை நீக்கத் தண்ணீரை மாற்ற மாற்ற மேலே இருப்பதும் கழன்றுவிடும், அப்புறம் கொத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் படியும். கழுவாமல் விட்டால், கொத்தை உயிர்ச் செல்களோடு சேர்க்கும்போது அந்தச் சோப்பு அவற்றைக் கொன்றுவிடும்.

நான் தேர்ந்தெடுத்தது மாலெயிக் அன்ஹைட்ரைடும் ஆக்டடெசீனும் மாறிமாறி வரும் பாலிமர். அதில் ஒரே இழையில் ஏராளமான வால்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டு விடுபட்டாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது. துகளையும் பாலிமரையும் டெட்ராஹைட்ரோஃபியூரானில் சேர்த்துக் கரைத்து, குலுக்கிக்கொண்டே அசிட்டோநைட்ரைலைச் சொட்டுச்சொட்டாக விடுங்கள். தெளிந்த பழுப்பு மெல்லக் கலங்கும்; துகள்கள் உருண்டையாகச் சேர, பாலிமர் மேலே போர்த்திக்கொள்ளும். சொட்டும் வேகத்தை மாற்றினால் உருண்டையின் அளவும் மாறும். காந்தத்தால் ஒதுக்கி, லேசான காரத் தண்ணீரில் விட்டால் அன்ஹைட்ரைடு திறந்து கார்பாக்சிலேட் ஆகும், அதன் மின்சுமைதான் கொத்துகளை விலக்கி வைக்கிறது. ஆன்டிபாடியை இணைக்கவும் அதே கார்பாக்சிலேட் உதவும்.

குறையும் உண்டு. கால்சியம் இருந்தாலோ அமிலத்தன்மை கூடினாலோ கொத்துகள் கட்டிதட்டும், அதற்கு பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சங்கிலி சேர்க்க வேண்டும். உயிருள்ள விலங்குக்குள் நான் செலுத்திப் பார்த்ததில்லை, அங்கே எப்படி நடந்துகொள்ளும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

உலர்த்தவோ சூடாக்கவோ வேண்டியிருந்தால் மட்டும் சிலிகா உறை போடுங்கள், அது நல்ல கெட்டி. ஆனால் மெல்லிய உறை என்றால் பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்) நாளடைவில் கரையும், அதனால் பஃபரிலேயே மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.