பித்தப்பை அறுவைக்குப் பின் வலி: டாப் பிளாக்கா, இ.எஸ்.பி.யா?

லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியே, பித்தப்பையை எடுக்கும்போது நான் போடுவது சப்காஸ்டல் டாப் பிளாக்: விலா விளிம்பை ஒட்டி வயிற்றுத் தசைகளுக்கு நடுவே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி நரம்புகளை மரக்கச் செய்வது. அதற்குச் சரியான போட்டி எரெக்டர் ஸ்பைனே பிளாக், அதாவது இ.எஸ்.பி.; அதில் மருந்து முதுகுத்தண்டை ஒட்டிய தசைக்கு அடியில் போகும். இரண்டுக்கும் அல்ட்ராசவுண்ட் வேண்டும், மருந்தும் ஒன்றுதான், பாராசிட்டமாலை எதற்காகவும் நிறுத்தப் போவதில்லை. இதிலெல்லாம் பேச ஒன்றுமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது நோயாளி படுத்திருக்கும் நிலை. இ.எஸ்.பி.க்கு ஊசி முதுகில் போக வேண்டும். மயக்கம் கொடுக்கும் முன் போடலாம் என்றால், ஏற்கெனவே பயந்திருப்பவரை உட்கார வைத்து இரண்டு பக்கமும் குத்த வேண்டும். மயங்கிய பிறகு என்றால் ஒருக்களித்துப் புரட்ட வேண்டும். தலையையும் மூச்சு டியூபையும் ஒருவர் பிடிக்க, உடம்பை இரண்டு பேர் திருப்ப, கையில் இருக்கும் ஐ.வி. லைனையும் கவனிக்க வேண்டும். உடல் பருமனானவர் என்றால் இன்னும் சிரமம். டாப் பிளாக்குக்கு இந்தப் பாடே இல்லை. மல்லாந்து படுத்தபடியே, வயிற்றைச் சுத்தம் செய்யும் முன் முடித்துவிடலாம். விலா விளிம்பை ஒட்டி புரோபை வைத்தால் ரெக்டஸ் தசையும் அதற்கு அடியில் டிரான்ஸ்வெர்சஸ் தசையும் தெரியும். மருந்தைத் தள்ளும்போது இரண்டுக்கும் நடுவே கருப்பாக ஒரு பிளவு விரிய வேண்டும். அப்படி விரியாமல் தசையே உப்பினால் ஊசி இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்; உடனே சரிசெய்துகொள்ளலாம்.

குறை இல்லாமல் இல்லை. டாப் பிளாக் வயிற்றுச் சுவரின் வலியைத்தான் குறைக்கும், உள்ளுறுப்பு வலியைத் தொடாது. தொப்புள் போர்ட், அதாவது அங்கே கருவி நுழையும் துளை, டி10 (பத்தாவது மார்பு நரம்பு) நரம்பின் எல்லை. அங்கே சில சமயம் மருந்து எட்டாது. அதனால் அந்த இடத்தில் மட்டும் சர்ஜனை ஊசி போடச் சொல்லிவிடுவேன். அதையும் மொத்த அளவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 60 கிலோ எடைக்கு, கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால், மரத்துப்போகும் மருந்தான புபிவகைன் 120 மி.கி. வரை போகலாம். 0.25 சதவீத மருந்தைப் பக்கத்துக்கு 20 மி.லி. கொடுத்தாலே 100 மி.கி. ஆகிவிடும், தொப்புளுக்கு மிச்சம் 8 மி.லி.தான்.

2016-இல் அறிமுகமான இ.எஸ்.பி.யில் மருந்து தண்டுவட நரம்பு வேர்கள் பக்கம் பரவி உள்வலியையும் அடக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அந்தப் பரவல் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதை நம்பி ஒருவரைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை. தோள்பட்டை வலிக்கு டாப் பிளாக் உதவாது. வயிற்றில் நிரப்பிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. தையல் போடும் முன் வாயுவை நன்றாக வெளியேற்றுவதுதான் பலன் தரும். இடுப்புக்கு மேலே முதுகுப் பக்கத் தசையை ஒட்டிப் போடும் குவாட்ரேட்டஸ் லம்போரம் பிளாக்கை நான் அதிகம் போட்டதில்லை, அதற்கு மதிப்பெண் போடமாட்டேன்.

திறந்து செய்யும் அறுவை என்றால் கணக்கு வேறு. வலது விலாவுக்குக் கீழே நீளமான வெட்டு, வலி நாள்கணக்கில் நீளும். அப்போது புரட்டினாலும் பரவாயில்லை, வலது பக்கம் இ.எஸ்.பி. போட்டு, மருந்தைத் தொடர்ந்து கொடுக்க கதீட்டரும் (மெல்லிய குழாய்) வைத்துவிடுவேன்.