மாயவரத்திலிருந்து கடலுக்கு: பழைய ரயில் ரோடா, காவிரிக் கரையா?

மாயவரத்தில் விடிகாலையில் கிளம்பி, நடந்தோ சைக்கிளிலோ கடலில் போய்க் காலை நனைக்க வேண்டும் என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஓடிய பாதை, சுமார் 30 கிலோமீட்டர். இன்னொன்று, காவிரிக் கரையை விடாமல் பிடித்துக்கொண்டு பூம்புகார், அது கிட்டத்தட்ட 25. பஸ்ஸுக்குப் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டே தார் ரோட்டில் போவதும் ஒரு வழிதான், ஆனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ரயில் ரோட்டில் ஒரு தடவை சைக்கிளிலும் ஒரு தடவை நடந்தும் போயிருக்கிறேன், காவிரிக் கரையில் இரண்டு தடவையும் சைக்கிள்தான். சுருக்கமாகக் கேட்டால், நடக்கிறவர்களுக்கு ரயில் ரோடு, சைக்கிள்காரர்களுக்குக் காவிரி. இதைத் தலைகீழாகச் செய்து பார்த்து நான் பட்டதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு அழகாக சைக்கிள் பாதை போட்டு, வழிப்பலகை நட்டு, பெஞ்சு வைத்திருக்கும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே வராதீர்கள். இது யாரும் போட்டுக் கொடுத்த பாதை இல்லை. 1926-இல் ரயில் வந்தது, 1986-இல் நின்றது, அவ்வளவுதான். மன்னம்பந்தல், செம்பொனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று போகும் இந்த வழியில் திருக்கடையூர் இருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். ஊர் உலகத்தில் உள்ளவர்களெல்லாம் அறுபதாம் கல்யாணத்துக்கு அங்கே வந்து மாலை மாற்றிக்கொள்கிறார்கள், வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்த ரயிலுக்கு மட்டும் சரியாக அறுபது வயதில் கதையை முடித்துவிட்டார்கள்.

ஆனாலும் பாதையின் புத்தி பாதையை விட்டுப் போகவில்லை. ரயிலுக்கு மேடேறவும் பிடிக்காது, சட்டென்று திரும்பவும் பிடிக்காது, வெள்ளக் காலத்தில் நனையவும் கூடாது, அதனால் வயலை விட உயரமாக மண் கொட்டி நேராகப் போட்டிருக்கிறார்கள். மிச்சம் இருக்கும் துண்டுகளில் ஏறி நின்றால் இரண்டு பக்கமும் வயல் கீழே கிடக்கிறது. ரோட்டில் போகிறவனுக்கோ வரப்பில் போகிறவனுக்கோ இந்தப் பார்வை கிடைக்காது. காலுக்கடியில் புல், புல்லுக்கடியில் ஜல்லி. செருப்பு நுனியால் கிளறினால் கறுப்பாக, கூர் மழுங்காமல் ஒரு கல் வெளியே வரும். சுற்றிலும் களிமண்ணாக இருக்கிற ஊரில் அந்தக் கல் எங்கிருந்தோ ரயிலேறி வந்த கல்தான், சந்தேகமே இல்லை.

கஷ்டம் என்னவென்றால், அது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஒரு இடத்தில் வீட்டுக் கொல்லை, ஒரு இடத்தில் வாழைத்தோட்டம், ஒரு இடத்தில் சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. பாதை மறைந்தால் அறுபது வயதுக்கு மேற்பட்ட யாரையாவது பிடித்து "பழைய ரயிலடி எங்கே?" என்று கேளுங்கள். வழி மட்டும் சொல்ல மாட்டார்கள், எந்த வண்டிக்கு யார் எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள், அதற்கும் கால் மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். வாய்க்கால் குறுக்கே வரும் இடத்தில் பழைய பாலத்தை நம்பி ஏறாமல் ரோட்டுக்கு இறங்கிச் சுற்றிப் போவதுதான் நல்லது. இடம் இன்னும் ரயில்வேயுடையது என்பதும் நினைவில் இருக்கட்டும், யாராவது வேண்டாம் என்றால் வாதம் பண்ணாமல் இறங்கிவிடுங்கள்.

சைக்கிளில் போன அன்று ஆக்கூரைத் தாண்டவில்லை. பின் டியூபில் மூன்று ஓட்டை. கடைக்காரர் டயரின் உள்பக்கம் விரலை ஓட்டி, கருவேல முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். "ரயில் ரோட்டுலயா வந்தீங்க தம்பி? ஆடு மேய்க்கிறவன்கூட அதுல சைக்கிள உருட்டிக்கிட்டுத்தான் போவான்." மூன்று பஞ்சருக்கும் காசு வாங்கிக்கொண்டார், புத்திமதி இலவசம்.

காவிரிக் கரையில் இந்தத் தொல்லை இல்லை. மாயவரத்துப் படித்துறையான துலாக்கட்டத்தில் கிளம்பித் தென்கரையோடு கிழக்கே போனால் ஆறு இடது கைப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், வழி தவறவே முடியாது. பைக் ஓடி ஓடிப் பழகிய கரை, மூங்கிலும் தென்னையும் பனையுமாக நிழல், அரை மணிக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு டீக்கடை. ஆனால் ஆறு நேராகப் போகாது, நீங்களும் போக முடியாது. திருச்சியில் அகண்ட காவிரியைப் பார்த்தவர்கள் இங்கே வந்தால் ஏமாந்து போவார்கள், கல்லை விட்டெறிந்தால் அக்கரையில் விழும். மேலையூர் கடையணையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஷட்டருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். குடகில் பிறந்து மேட்டூர், கல்லணை என்று எல்லோருக்கும் பங்கு கொடுத்தது போக மிஞ்சியது இவ்வளவுதான் என்பது அங்கேதான் உறைக்கும்.

காலம் விஷயத்தில் இரண்டும் எதிரெதிர். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்த பிறகு, ஆடி ஆவணியில், காவிரிக் கரை அழகு. ஜனவரி 28-இல் அணையை மூடி, பிறகு ஆறும் வற்றிவிட்டால் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். ரயில் ரோட்டுக்கு அந்த நேரம்தான் சரி. தையில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும், மண் காய்ந்திருக்கும், புதரும் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு பக்கமும் போகாதீர்கள், களிமண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. விரியன் பயமும் உண்டு, புதருக்குள் ஷூ இல்லாமல் இறங்கக் கூடாது.

போய்ச் சேரும் இடத்தை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு தரங்கம்பாடிக்கு. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது, தமிழில் பைபிளை அச்சடித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர், தெருவில் சும்மா நடந்தாலே பொழுது போகும். பூம்புகாரில் பழைய ஊர் கடலுக்குள் போய்விட்டது, நாம் பார்ப்பது பெரும்பாலும் பிற்காலத்தில் கட்டியது. வழியில் தில்லையாடியிலும் நில்லுங்கள், தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்ற வள்ளியம்மையின் நினைவிடம் இருக்கிறது. காந்தி 1915-இல் அந்த ஊருக்கு வந்தார். அப்போது இந்த ரயில் இல்லை, அதற்கு இன்னும் 11 வருஷம் இருந்தது.

திரும்புவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நடந்து போனால் தரங்கம்பாடியில் பஸ் ஏறி ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே மாயவரம் வந்துவிடலாம். சைக்கிளோடு போனால் அதை மிதித்துத்தான் திரும்ப வேண்டும், பூம்புகார் என்றாலே மொத்தம் 50 கிலோமீட்டர் ஆகிவிடும்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ரயில் ரோட்டை முதலில் முடியுங்கள். காவிரிக் கரை எங்கேயும் போகாது. ஆனால் டெல்டாவில் செத்துப்போன ரயில் பாதைகள் எழுந்து வருகிற காலம் இது. மன்னார்குடிக்கு 2011-இல் மறுபடி ரயில் வந்தது, மீட்டர் கேஜை நிறுத்திவிட்டுப் பல வருஷம் காக்கவைத்த அகஸ்தியம்பள்ளிக்கு 2023-இல், பேரளம் காரைக்கால் பாதையையும் புதிதாகப் போட்டுவிட்டார்கள். தரங்கம்பாடிக்கும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். வந்தால் நானே முதல் டிக்கெட் எடுப்பேன், அது வேறு.

வருகிற தையில் மறுபடி போகிறேன். சைக்கிளைச் செம்பொனார்கோவிலில் தெரிந்த கடையில் நிறுத்திவிட்டு அங்கிருந்து நடை. டியூபுக்கு மூன்று ஒட்டு போட்ட அந்தச் சைக்கிள்தான்.