பரதநாட்டிய மேடையில் சோனி ஏ7எஸ் 3: சில மார்கழிகளின் அனுபவம்

2020இல் வெளிவந்த சோனி ஏ7எஸ் 3 கேமராவைச் சில மார்கழிகளாகச் சென்னை சபாக்களிலும் அரங்கேற்றங்களிலும் பயன்படுத்தி வருகிறேன். இருட்டிலும் நன்றாகப் படமெடுக்கும் என்ற பெயர் அதற்கு உண்டு, அது உண்மையும்கூட. ஆனால் இன்றைய மேடைகளில் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் இருட்டு அன்று, அளவுக்கு மீறி நிறமேற்றிய எல்இடி வெளிச்சம்தான்.

நிறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எடிட்டிங்கில் நிறம் திருத்த ஏற்ற எஸ்-லாக்3 பதிவு முறையில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 640, 12800 என இரண்டு அடிப்படை அளவுகள் இருப்பதால், பதம் என்னும் அபிநயப் பாடலுக்காக விளக்குகளைத் தணிக்கும்போது உயர்ந்த அளவுக்கு மாறினாலும் கறுப்புத் திரைச்சீலை புள்ளி புள்ளியாகச் சிதறுவதில்லை. 30 நிமிடப் பதிவு வரம்பு இல்லாததால் வர்ணம் என்னும் நீண்ட நாட்டிய உருப்படியையும் இடைவெட்டின்றிப் பதியலாம்.

நீல வெளிச்சத்தில்தான் தொல்லை தொடங்குகிறது. வீடியோவின் ஒளியளவுக் கணக்கில் நீலத்தின் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே என்பதால், கேமராத் திரையில் உள்ள ஹிஸ்டோகிராம் (ஒளியளவு வரைபடம்) எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே நீல அலைவரிசை நிரம்பி வழிந்துவிடுகிறது. பட்டின் ஜரிகைக் கரை, நெற்றிச்சுட்டியின் கற்கள், கன்னத்தின் வளைவு எல்லாம் ஒரே நீலத் திட்டாகிவிட, எடிட்டிங்கில் எதையும் மீட்க முடிவதில்லை. செந்நிற விளக்கும் முகபாவத்தை இப்படியே விழுங்கிவிடும். அந்த நேரத்தில் கேமராவைத் திருகுவதைவிட, ஒத்திகையிலேயே விளக்கமைப்பாளரிடம் பேசி, நிறத்தைப் பின்திரைக்கு மட்டும் விட்டு, ஆடுபவர்மீது இருபுறமிருந்தும் வெண்மையான பக்க ஒளியைக் கேட்பதே பலன் தரும். பக்க ஒளி முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டியின் வடிவத்தையும் கைகளின் கோட்டையும் செதுக்கிக் காட்டும். முன்னிருந்து மட்டும் அடிக்கும் ஒளி உடலைத் தட்டையாக்கிவிடும். வழக்கமாகப் பக்கவாத்தியக் குழு பார்வையாளருக்கு இடப்பக்கத்தில் அமர்வதால், அந்தப் பக்க விளக்கைச் சற்று உயர்த்தியே வைக்க வேண்டியிருக்கும். நடனக் கலைஞர் சந்திரலேகாவின் படைப்புகளுக்குச் சதானந்த் மேனன் ஒளியமைத்த மரபு இருக்கும் ஊரில், நிறம் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் கற்பனை என்று சில அரங்குகள் நினைப்பது வியப்பளிக்கிறது.

நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்பது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குப் பாதுகாப்பான இணை. தில்லானாவில் பாதங்கள் மிகவும் மங்குவதாகத் தோன்றினால் 1/100க்குச் செல்வேன். மலிவான எல்இடி விளக்குகளை மங்கலாக்கும்போது, இரண்டிலுமே திரையில் பட்டைகள் ஓடக்கூடும் என்பதால் ஒத்திகையிலேயே பார்த்துவிடுவது நல்லது. 4கே தரத்தில் நொடிக்கு 100 பிரேம் எடுக்கும் வசதியை விளம்பரத் துணுக்குகளுக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். மெதுவாக்கிய அடவில் (அடிப்படை ஆட்ட அசைவில்) பாதத் தட்டும் மிருதங்க ஒலியும் பிரிந்துபோவதால் அது நாட்டியமாகவே இருப்பதில்லை.

ஆட்டோ போகஸ் முகத்தை உறுதியாகப் பிடிக்கிறது. ஆயினும் பதாக முத்திரை முகத்தைக் கடக்கும்போது கைக்குத் தாவாமலிருக்க, போகஸ் வேறு பொருளுக்குத் தாவும் வேகத்தைக் குறிக்கும் 'பொருள் மாறும் உணர்திறன்' அமைப்பை மிகக் குறைந்த அளவான 1இல் வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே, கேமராவை இயக்குபவருக்குத் தாளம் தெரிந்திருக்க வேண்டும். பாடல் வரிகளான சாகித்தியத்துக்கு அபிநயம் பிடிக்கையில் இடுப்பளவுக்கு நெருங்கியிருக்கலாம். நட்டுவனாரின் தாளம் சொற்கட்டான ஜதிக்குத் திரும்பும் முன்பே பாதம் தெரியும்படி பின்வாங்கிவிட வேண்டும். ஜதியை முடிக்கும் தீர்மானத்தில் கால்கள் வெட்டுப்பட்ட காட்சியை எந்த குருவும் ஏற்கமாட்டார். இதற்காகவே முழு மேடையும் தெரியும் இரண்டாவது கேமரா ஒன்றை நடுப்பாதையில், ஆடுபவரின் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அசையாமல் நிறுத்துகிறேன்.

12 மெகாபிக்சல் சென்சார் என்பதால் 4கே படத்தை வெட்டிப் பெரிதாக்க இடமில்லை. இறுதி வடிவம் 4கேயைவிடச் சிறிய 1080 தரமாக இருந்தால் ஓரளவு வெட்டலாம். அரங்கேற்றம் மட்டுமே எடுப்பவர் இதே தொகையில் எளிய கேமரா இரண்டு வாங்கி, மிச்சத்தை விளக்குக்குச் செலவிடலாம். விளக்கு தம் கையில் இல்லாத கோயில் திருவிழாக்களை எடுப்பவருக்கு இக்கேமரா கொடுத்த விலைக்குத் தகும்.