ஹைலக்ஸின் முன் அப்சோர்பரும் மூன்றரை ஆண்டுக் கீச்சொலியும்

பக்கத்துத் தோட்டத்தில் பணியாற்றும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் ஒரு விளம்பரப் படத்தை அனுப்பி, "அண்ணே, உங்க ஹைலக்ஸ்ல போட்டிருக்கிற அதே வகை லிஃப்ட் அப்சோர்பர் விலை இறங்கியிருக்கு, என் டி-மேக்ஸுக்கு வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அந்தச் செய்தி வந்தபோது என் வண்டி, சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறையில், முன் இடச்சக்கரம் கழற்றப்பட்ட நிலையில் நின்றுகொண்டிருந்தது. அவருக்கு ஒரு வரியில் பதில் எழுத மனம் வராததால் முழுவதையும் எழுதுகிறேன்.

என்னுடையது 2012ஆம் ஆண்டின் 2.5 லிட்டர் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டி. 2021 டிசம்பரில் வீட்டு வாசலிலேயே என் மகனுடன் சேர்ந்து இந்த லிஃப்ட் அப்சோர்பர்களைப் பொருத்தினேன். அதன்பின் 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. "லிஃப்ட்" என்ற பெயரைப் பார்த்து அப்சோர்பரே வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான்; அதன் துள்ளலை அடக்குவதே அப்சோர்பரின் வேலை. இந்த வகையில், முன் அப்சோர்பரின் உடலில் சில பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஸ்பிரிங் அமரும் தட்டைத் தாங்கும் வளையத்தை எந்தப் பள்ளத்தில் மாட்டுகிறோமோ அதற்கேற்ப முன்பக்கம் உயரும். அப்சோர்பர், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையின் (லோவர் ஆர்ம்) நடுப்பகுதியில் பிடிக்கப்பட்டிருப்பதால், தட்டை ஓர் அங்குலம் உயர்த்தினால் சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் கிடைக்கும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் என்பதால் அங்கே அப்சோர்பரை மட்டும் மாற்றி ஓர் அங்குலம்கூட உயர்த்த முடியாது. நானும் முன்பக்கத்தை மட்டும் இரண்டு அங்குலம் உயர்த்தி, தாழ்ந்திருந்த மூக்கைப் பின்பக்கத்தோடு சமப்படுத்தினேன். வண்டியின் அமைப்பில் கைவைப்பதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் பற்றி விசாரித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பொருத்தும் வேலையில் உண்மையிலேயே அஞ்ச வேண்டிய இடம் ஒன்றுதான். ஸ்பிரிங்கை எதிரெதிர்ப் பக்கங்களில் கொக்கிகள் மாட்டி, இரு திருகுகளையும் மாறி மாறிச் சமமாக இறுக்கிச் சுருக்குவதற்கு முன்னால், உச்சியில் நடுவில் இருக்கும் நட்டைத் தொடவே கூடாது. சுருங்கி நிற்கும் அந்த இரும்பு விடுபட்டால் எதிரில் இருக்கும் முகம் மிஞ்சாது. மற்றவை பொறுமையும் வெளிச்சமும் இருந்தால் முடிகிற வேலைகள். மறுநாளே ஈப்போவுக்குப் போய்ச் சக்கரக் கோணங்களைச் சரிபார்த்தேன். உயர்த்திய வண்டியை அப்படியே ஓட்டினால் டயரின் ஓரம் தேய்வதோடு ஸ்டீரிங்கும் நேர்கோட்டில் நிற்காது. முன்விளக்குகளையும் தாழ்த்தினேன், ஏனென்றால் பின்னால் பாரம் ஏற்றும்போது வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது.

ஓட்டத்தைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் இல்லை. செம்பனைத் தோட்டத்தின் செம்மண் பாதையில் மழைக்காலத்து லோரிகள் உழுதுவிட்டுப் போன அலையலையான மேடுபள்ளத்தில், பழைய அப்சோர்பர்களோடு போகையில் பத்தே நிமிடத்தில் முன்பக்கம் கட்டுப்பாடின்றித் துள்ளத் தொடங்கும். புதியவற்றில் அழுத்தமான நைட்ரஜன் வாயு, தனிப் பிஸ்டன் ஒன்றின் பின்னால் இருந்து எண்ணெயை அழுத்திக்கொண்டே இருப்பதால், சூடேறினாலும் எண்ணெய் நுரைப்பதில்லை. 50 கிலோ உர மூட்டைகள் பன்னிரண்டை ஏற்றிக்கொண்டு அதே பாதையில் அரைமணி நேரம் போனபின்னும் முதல் நிமிடத்தில் இருந்த பிடிப்பு அப்படியே இருந்தது. அன்று வீடு திரும்பி வண்டியை அணைத்துவிட்டு, சற்று நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு மகிழ்ச்சி.

ஆனால் இரண்டாம் மாதத்தில் அந்தச் சத்தம் வந்தது. அதிகாலையில் எங்கள் தாமான் (குடியிருப்பு) முகப்பிலுள்ள வேகத்தடையில் ஏறும்போது, இடப்பக்கத்திலிருந்து மட்டும், துருவேறிய கதவைத் திறப்பது போன்ற நீண்ட ஒரு கீச்சொலி. மழை பெய்தால் அடங்கும், வெயில் காய்ந்தால் திரும்பும். கிரீஸ் பூசினேன், ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர்களை மாற்றினேன். ஒரு பட்டறையில் பால் ஜாயிண்ட் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லி அதை மாற்றினார்கள். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வந்த நூறாவது மீட்டரில் அதே கீச்சொலி. கழற்றி வைத்த பால் ஜாயிண்டை வீட்டில் கையால் ஆட்டிப் பார்த்தேன், அதில் சிறு அசைவும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்ற வாரம்தான், தோட்டத்து லோரிகளைப் பல ஆண்டுகள் பார்த்த ஒரு வயதான போமன் (மெக்கானிக்), இடப்பக்க அப்சோர்பரின் கீழ்க்கண்ணில், அதாவது கீழ்க்கையோடு போல்ட்டால் பிடிக்கப்படும் வளையத்தில், உள்ள ரப்பர் புஷ் கிழிந்திருப்பதைக் காட்டினார். வலப்பக்கத்து புஷ் புதிது போல இருந்தது. "கீழ் போல்ட்ட எப்ப டைட் பண்ணீங்க, தம்பி? சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்கும்போதா?" என்று அவர் கேட்டதும் அந்த டிசம்பர் மாலை முழுவதும் நினைவுக்கு வந்தது. இடப்பக்கத்தை முதலில் முடித்து, வண்டி ஜாக் ஸ்டாண்டில் இருக்கும்போதே போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கினேன். வலப்பக்கத்தை முடிப்பதற்குள் மழை வந்துவிட்டதால், போல்ட்டைக் கையால் திருகி மட்டும் வைத்து, வண்டியைத் தரையில் இறக்கியபின் அடியில் படுத்து இறுக்கினேன். அந்த ரப்பர் உள்குழாயோடும் வெளிவளையத்தோடும் ஒட்டப்பட்டது. அது சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டு மீள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த நிலையே அதற்கு இயல்பு நிலையாகிவிடும். பிறகு வண்டி வெறுமனே நிற்கும்போதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கிறது. மூன்றரை ஆண்டுகள் அது இரவும் பகலும் அப்படி நின்றிருக்கிறது. ஈப்போவில் கோணம் பார்த்தவர்கள் தளர்த்தியது கீழ்க்கையின் போல்ட்டுகளைத்தான்; இந்தப் போல்ட்டைத் தொட அவர்களுக்குக் காரணமே இல்லை.

வீட்டுக்கு வந்து, அப்சோர்பர்கள் வந்த பழைய பெட்டியிலிருந்த வழிகாட்டித் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதே கீழ் போல்ட்டை இறுக்க வேண்டும் என்ற வரி, உத்தரவாத நிபந்தனைகளுக்கு அடுத்து, எறும்பளவு எழுத்தில் இருந்தது. படிக்காதது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஸ்பிரிங்கைப் பற்றிப் பக்கம் முழுக்கப் படம் போட்டவர்கள் இந்த வரியை அங்கே கொண்டுபோய் வைத்ததையும், விற்ற கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாததையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புதிய புஷ்ஷை அழுத்திப் பொருத்தியாயிற்று, வேகத்தடையில் இப்போது சத்தமே இல்லை. இந்த அப்சோர்பர்களை என் வண்டியிலிருந்து கழற்றும் எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. இருந்தும், தம்பி, நீங்கள் கேட்டதற்கு இன்று என் பதில் வேண்டாம் என்பதுதான். மூன்றரை ஆண்டுக் காலைகளை அந்தச் சத்தத்தோடு கழித்தவனிடம் இந்த வாரம் வேறு பதிலை எதிர்பார்க்காதீர்கள். மீறி வாங்கிவிட்டால், பெட்டியைப் பிரிக்கும் ஞாயிற்றுக்கிழமை என்னை அழையுங்கள். கீழ் போல்ட்டுகளை, வண்டி தரையில் நின்றபின், நானே வந்து இறுக்கித் தருகிறேன்.